வேம்பு: அறிந்ததும் அறிய வேண்டியதும்

ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், அவர்களிடம் கொடுத்தனுப்பப்படும் பொதியில் என்னென்ன இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். அவற்றுக்கிடையே துணியில் இறுக்கிச் சுற்றிய சிறிய போத்தல் ஒன்றும் இருக்கும். மூடியைத் திறக்க முன்பே மணம் வந்துவிடும். வேப்பெண்ணெய். "பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் உதவும், வைத்துக்கொள்" என்று அம்மாவோ மாமியோ சொல்லி அனுப்பியிருப்பார்.

அந்தப் போத்தலைப் பற்றியும் அது வந்த மரத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. வேம்பை நாம் நன்கு அறிந்தவர்கள். ஆனாலும் புதிய நாட்டில் குடித்தனம் தொடங்கும் நேரத்தில், அறிந்தது எவ்வளவு, இன்னும் அறிய வேண்டியது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. வேம்பு பற்றிய எங்கள் முன்னோரின் அறிவை ஐரோப்பாவின் காப்புரிமை அலுவலகமே ஏற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதே வேம்பின் எண்ணெய் கைக்குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தான கதையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

வளவில் நின்ற மரம்

வேம்பு வெப்பநாடுகளுக்குரிய என்றும் பசுமையான மரம். கடும் வரட்சியில் மாத்திரம் இலையை உதிர்க்கும். உதிர்த்த சில நாட்களிலேயே செந்நிறக் கொழுந்து விட்டுவிடும். பொதுவாக 15 முதல் 20 மீற்றர் உயரம் வளரும். மகோகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் அதன் பலகையும் சிவப்பாக, உறுதியாக இருக்கிறது. ஊரில் வேப்பம் பலகையில் செய்த கதவுகளையும் அலுமாரிகளையும் கறையான் எளிதில் நெருங்காது என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் இந்த மரத்தின் எந்தப் பகுதியும் வீண்போனதில்லை. பங்குனி, சித்திரையில் முற்றம் முழுவதும் உதிரும் பூவைக் கூட்டி எடுத்து, புடைத்து, காயவைத்து, அரைத்த உழுந்தோடும் செத்தல் மிளகாயோடும் வெங்காயத்தோடும் சேர்த்து வடகம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் அதே பூ இரசமாகும். புத்தாண்டு நாளில் மாங்காயும் வெல்லமும் சேர்த்த பச்சடியாகும். எங்கள் பகுதியில் சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைக்கும்போது, பஞ்சாங்கம் சொல்லும் இலைகளைத் தலையிலும் காலிலும் வைத்துக்கொள்வது வழக்கம். சில ஆண்டுகளில் அவற்றில் ஒன்று வேப்பிலையாக இருக்கும்.

இலையை நிழலில் காயவைத்து நெல்லுக்குள்ளும் பயறுக்குள்ளும் போட்டுவைத்தால் வண்டு பிடிக்காது. குச்சி பல்துலக்க. குழை ஆட்டுக்கு, மிஞ்சியது தோட்டத்து மண்ணுக்குத் தழைப்பசளை. கொட்டையிலிருந்து எண்ணெய், எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் பிண்ணாக்கு மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயத்துக்கும் உரமாகவும், வேரைத் தாக்கும் புழுக்களுக்கு எதிரியாகவும் பயன்படும். இவை எதுவும் புத்தகம் பார்த்து வந்த அறிவல்ல. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

மரமும் நாடு கடந்தது

வேம்பின் விஞ்ஞானப் பெயர் அசாடிரக்டா இண்டிகா. முதற்சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'சுதந்திர மரம்' என்று பொருள்படும். இலங்கையில் ஆங்கிலம் படித்தவர்கள் சொல்லும் 'மார்கோசா' என்ற பெயர், கசப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழியாக வந்தது. சிங்கள மக்கள் 'கொஹொம்ப' என்பர்.

இந்த மரம் தென்னாசியாவோடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலேறி பீஜி, மொறீசியஸ், கரிபியன் தீவுகளுக்குச் சென்ற இந்தியர்கள் வாழ்ந்த இடங்களிலெல்லாம் வேம்பும் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஆபிரிக்காவின் வரண்ட நிலங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இன்று கானா முதல் நைஜீரியா வரை நிழலுக்கும் விறகுக்கும் மக்கள் நாடும் மரமாக நிற்கிறது. கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அதன் பெயர் 'முவாரொபைனி'. நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்பது அதன் கருத்து. சவூதி அரேபியாவில், ஹஜ் யாத்திரிகர்கள் கூடும் அரபாத் வெளியில் நிழலுக்காக ஏறத்தாழ 50,000 வேம்புகள் நடப்பட்டன. போன இடத்து மண் மணலாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும் மரம் இது.

வெட்டுக்கிளி சொன்ன பாடம்

1959ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கியது. பயிர், புல், மரம் என்று பச்சையாக நின்ற அனைத்தையும் தின்று தீர்த்துவிட்டுப் போனது. அங்கு பணியாற்றிய ஜேர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்றிச் ஷ்முற்றரர் ஒன்றைக் கவனித்தார். வேப்பமரங்கள் மாத்திரம் இலையோடு நின்றன. வெட்டுக்கிளிகள் அவற்றில் வந்து இறங்கின. ஆனால் தின்னாமல் பறந்துவிட்டன. அதன் பின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் வேம்பின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார்.

இந்தியாவிலும் இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்தது. 1942இல் இரசாயன அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து கசப்புப் பொருட்களைத் தனியே பிரித்தெடுத்தார். 1962இல் டில்லிப் பகுதியில் வெட்டுக்கிளி வந்தபோது, வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கரைத்துத் தெளித்த பயிரை அவை தொடவில்லை என்று பிரதான் என்ற பூச்சியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் எழுதினர். 1968இல் பிரித்தானியாவில் பட்டர்வேர்த், மோர்கன் என்ற இருவர், இந்த வேலையைச் செய்யும் முக்கியப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதுவே அசாடிரக்டின்.

அசாடிரக்டின் பூச்சியை அடித்த உடனே கொல்லும் நஞ்சல்ல. முதலில் அது பூச்சிக்குத் தின்னும் எண்ணத்தையே கெடுக்கிறது. அதையும் மீறித் தின்றால், புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குச் செல்வதற்கு வேண்டிய ஹோர்மோன்களைக் குழப்பிவிடுகிறது. புழு வளராமலே அழிகிறது. வெயில் பட்டால் சில நாட்களில் தானும் சிதைந்துவிடுவதால், மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. இந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்றால், அதன் முழு அமைப்பு 1985இல் தான் உறுதியாயிற்று. அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்து முடிக்க, கேம்பிறிட்ஜில் ஸ்ரீவன் லே தலைமையிலான குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இல் தான் அது கைகூடியது. வேம்பு அதை ஆண்டுதோறும் தன் கொட்டைக்குள் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கிறது.

மியூனிச் நகரில் ஒரு வழக்கு

விஞ்ஞானம் கவனித்தால் வியாபாரமும் கவனிக்கும் அல்லவா? 1990ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிறேஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து, ஜேர்மனியின் மியூனிச் நகரிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் ஒன்றைச் செய்தன. வேப்பங்கொட்டையிலிருந்து குறித்த முறையில் எடுத்த எண்ணெயைக் கொண்டு பயிர்களில் வரும் பங்கசு நோய்களைத் தடுப்பது தமது கண்டுபிடிப்பு என்பது அவர்களின் கோரிக்கை. 1994இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

1995இல் மூன்று தரப்பினர் அதை எதிர்த்தனர். ஒருவர் இந்தியாவின் வந்தனா சிவா. மற்றவர் ஐரோப்பிய பாராளுமன்றத்தின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்டா ஆல்வூற். மூன்றாவது தரப்பு, இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம். இது புதிய கண்டுபிடிப்பே அல்ல, இந்திய விவசாயிகள் காலங்காலமாகச் செய்து வருவது என்பது அவர்களின் வாதம். பேச்சு மாத்திரம் போதாது, சான்று வேண்டும். இந்தியாவில் பல ஆண்டுகளுக்கு முன்பே வேப்பெண்ணெயிலிருந்து இத்தகைய மருந்தைத் தயாரித்துப் பயன்படுத்திய ஒருவர் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 2000ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை இரத்துச் செய்யப்பட்டது. மேன்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி தள்ளுபடி செய்யப்பட்டது.

புதிய நாட்டில், மொழி தெரியாமல், எழுதிய தாள் ஒன்றில்லாமல், 'எனக்கு இது தெரியும்' என்று சொல்லி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம். எழுதப்படாத அறிவும் அறிவுதான் என்பதற்கு இந்த வழக்கு ஒரு நல்ல சான்று. எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கு பயிரின் மேல் தெளிக்கும் எண்ணெய் பற்றியது. குழந்தையின் வாயில் ஊற்றும் எண்ணெய் பற்றியதல்ல.

குழந்தையும் வேப்பெண்ணெயும்

தடிமனுக்கும் வயிற்றுப் புழுவுக்கும் சிறு கரண்டி வேப்பெண்ணெய் பருக்கும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. மலேசியாவில் வாழும் தமிழரிடமும் அது இருந்தது. 1981ஆம் ஆண்டு 'லான்செற்' என்ற மருத்துவ இதழில் மலேசிய மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட 13 குழந்தைகள் சில மணித்தியாலங்களுக்குள் வாந்தி, மயக்கம் போன்ற தூக்கம், வேகமான மூச்சு, அடுத்தடுத்து வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டனர். எல்லோரும் பிழைக்கவில்லை. இறந்த குழந்தைகளின் ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது, மூளை வீங்கியிருந்தது. மருத்துவர்கள் இதை 'றேய்ஸ் சின்றோம்' என்ற கொடிய நோயோடு ஒப்பிட்டனர். அதன் பின்னர் இந்தியாவிலும் இத்தகைய சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

பெரியவர்கள் இதை நம்ப மறுக்கலாம். "நாங்கள் எல்லோரும் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்பார்கள். குடித்துப் பிழைத்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். ஊரில் ஒரு குழந்தை வலிப்பு வந்து இறந்தால் காய்ச்சல் என்றோ கிரகதோஷம் என்றோ சொல்லி முடித்திருப்பார்கள். முதல் நாள் பருக்கிய எண்ணெயை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளையின் மீதுள்ள அன்பினால் செய்வதுதான். ஆகவே அம்மாவோடும் மாமியோடும் சண்டை பிடிக்காமல், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மனதில் வைத்திருக்க வேண்டியவை இவை:

வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கோ சிறுபிள்ளைகளுக்கோ ஒரு துளி கூடப் பருக்கக் கூடாது. மூக்கிலும் விடக் கூடாது. பெரியவர்களும் குடிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க விரும்புவோரும் வேம்பு சேர்ந்த எந்த மருந்தையும் உள்ளே எடுக்கக் கூடாது.

போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், 'உள்ளே எடுக்கக் கூடாது' என்று ஒட்டி வையுங்கள். இருமல் மருந்துப் போத்தலோடு ஒன்றாக வைக்க வேண்டாம். பழைய மருந்துப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

தவறுதலாகப் பிள்ளை குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நோய்க்குறி தெரியும் வரை காத்திராமல் உடனே அவசர உதவியை அழையுங்கள். ஐரோப்பிய நாடுகளில் 112, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000. 'நீம் ஒயில்' என்று சொன்னால் புரியும். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லி, போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஊர் மருந்து கொடுத்தோம் என்று சொல்ல வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம். மறைத்தால்தான் வைத்தியருக்கு வழி தெரியாமல் போகும்.

நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்களில் சிலர் காலையில் வேப்பிலைச் சாறும் குடிப்பார்கள். இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் சீனியின் அளவை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். வைத்தியரிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

அப்படியானால் வடகத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். சோற்றோடு இரண்டு வடகம் பொரித்துச் சாப்பிடுவது வேறு, எண்ணெயை மருந்தாகக் குடிப்பது வேறு.

அம்மாள் வருத்தம்

வேப்பிலை என்றதும் நினைவுக்கு வருவது அம்மாள் வருத்தம். வாசலில் குழை கட்டி, நோயாளியை வேப்பிலை மேல் படுக்கவைத்து, சொறிய வேண்டிய இடத்தில் குழையால் தடவிவிடுவோம். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வார்ப்போம். உண்மையான பெரியம்மை உலகில் இல்லை. 1980ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதை ஒழிந்த நோயாக அறிவித்தது. இப்போது பிள்ளைகளுக்கு வருவது கொப்புளிப்பான்.

பழைய வழக்கத்தில் நல்ல காரணங்கள் உண்டு. வாசலில் கட்டிய குழை, 'இந்த வீட்டுக்குள் வராதீர்கள்' என்று அயலவருக்குச் சொல்லும் அறிவித்தல். நகத்தால் சொறியாமல் இலையால் தடவுவதால் புண் பழுக்காது. நோயாளிக்கு ஓய்வும் கிடைக்கிறது. இங்கு குழை கட்டினால் அயலவருக்குப் புரியாது. ஆகவே பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் நேரத்தில் அஸ்பிரின் கொடுத்தால், முன்பு சொன்ன அதே றேய்ஸ் சின்றோம் வரக்கூடும். வெப்பநாடுகளில் வளர்ந்த பெரியவர்களில் பலருக்குச் சிறுவயதில் இந்நோய் வந்திராது. இங்கு பிள்ளையிடமிருந்து தொற்றினால் கடுமையாக இருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அன்றைக்கே வைத்தியருடன் பேசுங்கள்.

வேம்பு போலத் தோன்றும் இன்னொரு மரம்

இத்தாலி, ஸ்பெயின், பிரான்சின் தென்பகுதி ஆகிய இடங்களில் குடியேறியவர்கள், தெருவோரத்திலும் பூங்காவிலும் வேம்பைப் போன்ற மரத்தைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். அது வேம்பல்ல, மேலியா என்ற மரம், எங்கள் மலைவேம்பின் இனம். வேம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். ஆனால் அதன் பழம் நஞ்சு.

வேறுபாட்டை எளிதில் கண்டுபிடிக்கலாம். வேப்பம் ஈர்க்கில் ஒன்றில் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மேலியாவின் ஈர்க்கோ மீண்டும் கிளைவிட்டு, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் நிற்கும். வேப்பம்பூ வெள்ளை, மேலியாவின் பூ இளஊதா. வேப்பம்பழம் நீண்டிருக்கும், மேலியாவின் பழம் உருண்டையாக இருக்கும். மேலியா குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து, மொட்டைக் கிளையில் மஞ்சள் பழங்களை மாத்திரம் தொங்கவிட்டிருக்கும். இந்த மரத்தின் இலையைப் பறித்துக் குடிநீர் வைக்கவோ, பூவில் வடகம் போடவோ, பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்கவோ விடாதீர்கள்.

சாடியில் வேம்பு

குளிர்நாட்டில் வேம்பு வளர்க்க முடியுமா? வெளியில் முடியாது. 4 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வேம்பு தாங்காது. உறைபனி பட்டால் பட்டுவிடும். வீட்டுக்குள் சாடியில் வளர்க்கலாம். பூவையும் காயையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கொழுந்து கசக்கும்.

ஊரிலிருந்து கொட்டையை ஒளித்துக் கொண்டுவர முயல வேண்டாம். 2019 டிசெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடியோ விதையோ கொண்டுவருவதற்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுவந்தால் தண்டம் கட்ட நேரிடும். அதைவிட முக்கியமான காரணம், வேப்பம் விதைக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று கிழமைகளில் முளைக்கும் சக்தியை இழக்கத் தொடங்கும். பொதிக்குள் கிடந்து வந்த கொட்டை பெரும்பாலும் முளைக்காது. இங்குள்ள தாவரக் கடைகளில் வெப்பநாட்டுச் செடி விற்பவர்களிடம் கன்றாக வாங்குவதே நல்லது. அவுஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில் வேம்பு காட்டுக்குள் பரவியதால் களையாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்குள்ளவர்கள் புதிதாக நட வேண்டாம்.

அடியில் துளையுள்ள சாடியை எடுங்கள். செடி மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு பருமணல் கலவுங்கள். தெற்குப் பார்த்த யன்னல், அதாவது வீட்டில் அதிக வெளிச்சம் விழும் இடம், அதன் இடம். மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர். வேம்பு வரட்சியில் சாவதைவிட, அன்பு மிகுதியால் ஊற்றும் தண்ணீரில் வேரழுகிச் சாவதே இங்கு அதிகம். குளிர்காலத்தில் தண்ணீரை இன்னும் குறையுங்கள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். நாள் குறுகும்போது இலை உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். மே மாதக் கடைசியில் இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் நிற்கத் தொடங்கிய பின் வெளிமாடத்தில் வைக்கலாம். முதல் ஒரு கிழமை நிழலில் வைத்துப் பின்னர் வெயிலுக்கு மாற்றுங்கள். செப்ரெம்பரில் திரும்ப உள்ளே எடுத்துவிடுங்கள். இதைத் தெற்கு அரைக்கோளத்தில் உள்ளவர்கள் பருவத்தை மாற்றிக் கணக்கிட வேண்டும்.

வீட்டுச் செடிகளில் வரும் பூச்சிகளுக்கு வேம்பு மருந்து இங்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அசாடிரக்டினைப் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதித்தது. ஆயினும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவில் வேப்பெண்ணெயைப் பூச்சிகொல்லியாகப் பாவிக்க அனுமதியில்லை. கடையில் பூச்சி மருந்தென்று குறிப்பிட்டு விற்பதை வாங்கி, அதில் எழுதியபடி பாவிப்பதே பாதுகாப்பு. பள்ளிக்கூடத்தில் பேன் தொற்றினால் வேம்புச் சாறு சேர்ந்த பேன் ஷாம்பு ஜேர்மனி போன்ற நாடுகளின் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஊர்ப் போத்தலைப் பிள்ளையின் தலையில் கவிழ்ப்பதைவிட அது நல்லது.

ஊரில் நட நினைப்போருக்கு

ஊரில் காணியுள்ளவர்கள், உறவினர் மூலம் மரம் நட்டுவைக்க விரும்பினால் வேம்பைவிட எளிதான மரம் இல்லை. ஆண்டுக்கு 400 முதல் 1200 மில்லிமீற்றர் மழை போதும். செம்மண், மணல், கற்பூமி எதுவானாலும் வளரும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மாத்திரம் ஆகாது.

ஆனி, ஆடியில் மஞ்சளாகப் பழுத்த பழங்களைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து சதையை நீக்க வேண்டும். கொட்டையை நிழலில் சில நாட்கள் உலர்த்தி, தாமதிக்காமல் பைகளில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முளைக்கும். இளங்கன்றுக்குச் சற்று நிழல் தேவை. ஐப்பசி மழை தொடங்கும்போது கன்று மூன்று மாதம் கடந்து, ஒரு சாண் உயரம் வந்திருக்கும். நடுவதற்கு அதுவே காலம். ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மரம் 5 அல்லது 6 மீற்றர் இடைவெளி. முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு கடியாமல் அடைப்புப் போட வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பத்து ஆண்டான மரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் தரும். வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

அந்தக் கொட்டைக்கு இன்று மதிப்பும் உண்டு. யூரியாவின் மேல் வேப்பெண்ணெய் பூசினால் அது மண்ணில் மெதுவாகக் கரைந்து பயிருக்கு அதிகமாகச் சேர்வதால், இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டில் தயாரிக்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். வேப்பம் பிண்ணாக்கை மண்ணோடு கலந்த எங்கள் தோட்டக்காரர் செய்ததும் இதையொத்ததே.

முன்னோர் சொன்னது எல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு. முன்னோர் சொன்னதால் எல்லாம் சரி என்று கண்ணை மூடுவதும் தவறு. அவர்கள் மரத்தைக் கவனித்தார்கள், பயிரைக் கவனித்தார்கள், அதனால் கற்றார்கள். நாமும் கவனித்துக் கற்போம். அடுத்த முறை ஊரிலிருந்து பொதி வரும்போது வடகத்தைப் பொரித்துப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுங்கள். அந்தக் கசப்பு எந்த மரத்துடையது என்று சொல்லிக் கொடுங்கள். வேப்பெண்ணெய்ப் போத்தலை மாத்திரம், பெயர் எழுதி ஒட்டி, உயரத் தட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.